நான் எழுதிய நான்காவது விதி

என் பெரியண்ணையின் கடை மூடப்பட்டதற்கு நான் எழுதிய விதிகள் ஒரு காரணம். நாலைந்து வருடம் கழித்து அதே விதிகளை அழிக்க அவருடைய சம்மதம் எனக்குத் தேவைப்பட்டது. ஜெர்மனியில் இருக்கும் அக்காவின் வீடு அந்தச் சம்மதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் கடைசியில் என்னை நல்லவளாக்கித்தான் முடிப்பேன். அது என் பழக்கம்.

நாங்கள் நாலு பேர். பெரியண்ணை இத்தாலியில், பலெர்மோவில். சின்னண்ணை பாரிஸில். அக்கா டோர்ட்முண்டில். கடைக்குட்டி நான் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில். அவர்கள் மூவருடைய பையிலும் யூரோ, என் பையில் மட்டும் பவுண். அப்படியிருந்தும் யூரோவைப் பற்றி அதிகம் கதைப்பவள் நான்தான், ஏனென்றால் எனக்குச் சம்பளம் வருவதே அதில்தான். யூரோ நாடுகள் தங்கள் வரவுசெலவை எப்படி நிர்வகிக்கின்றன, அந்த நிர்வாகத்தை எப்படிச் சீர்திருத்தலாம் என்று ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் இருந்து அறிக்கை எழுதுகிறேன். சின்னண்ணைக்கு இது தீராத பகிடி. “உங்கட ஊரில யூரோவும் இல்லை, இப்ப ஐரோப்பிய யூனியனும் இல்லை. அங்க இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்லுறாய்” என்பார். “வெளியில நிண்டு பாத்தாத்தான் கூரை ஓட்டை தெரியும்” என்று நான் சொல்வேன். அந்த வாயடிப்பு எனக்குப் பிடிக்கும்.

என் வேலையை வீட்டு ஆட்களுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். இருபது சொச்சம் நாடுகளுக்குக் காசு ஒன்று, ஆனால் வரியும் செலவும் கடனும் தனித்தனி. ஒரு நாடு நெருக்கடியில் விழுந்தால் தன் காசின் மதிப்பைக் குறைத்துத் தப்பிக்க முடியாது, காசு அதற்கு மட்டும் சொந்தமானது அல்ல. அப்போது மற்ற நாடுகள் கைகொடுக்க வேண்டும். கைகொடுப்பவர் கேட்பார், நீ ஏன் விழுந்தாய் என்று. விழுந்தவர் சொல்வார், முதலில் தூக்கி விடு, பிறகு கேள் என்று. பதினைந்து வருடமாக நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில்தான் கிடக்கின்றன.

விதிகளை மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். மாற்றலாம், பெரிய விதிகளுக்கு எல்லா நாடும் ஓம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாராளுமன்றம், ஒரு தேர்தல், ஒரு கோபம். இன்னொரு விசித்திரமும் உண்டு. கிரேக்கத்துக்குச் சலுகை கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது பணக்கார நாடுகள் மட்டும் முறுகவில்லை. அதற்கு முன் தங்கள் வயிற்றைக் கட்டி விதிகளுக்குப் பணிந்திருந்த சின்ன நாடுகளும் சேர்ந்து முறுகின. அலுவலகக் கூட்டம் ஒன்றில் இது வெறும் எரிச்சல் என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பொதுக்காசு இருந்தது. நாங்கள் அதைப் ‘பொது’ என்றுதான் சொல்வோம். சின்னண்ணை பாரிஸில் வேலை செய்யுமிடத்தில் முதுகை முறித்துக்கொண்டு படுத்த காலத்தில் தொடங்கியது அது. மாதாமாதம் நாலு வீட்டிலிருந்தும் கொஞ்சம் போடுவது, யாருக்காவது இடி விழுந்தால் எடுத்துக் கொடுப்பது. தொடக்கத்தில் எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பொருளாதாரம் படித்தவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

அதைக் கெடுத்தவரும் சின்னண்ணைதான். முதுகு சுகமான பிறகு ஒருநாள் பல்லுக் கட்ட வேண்டும் என்று பொதுவில் கேட்டார். கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அக்கா அவரைக் கண்டாள். பல்லுப் பழையது, கார் புதியது. “பல்லு சிரிக்கத்தானே தேவை, கார் வேலைக்குத் தேவை” என்று அவர் சொன்ன நியாயத்தை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். அக்கா ரசிக்கவில்லை.

“ஆத்தில போட்டாலும் அளந்து போட வேணும்” என்றாள் என்னிடம். “நீ படிச்சனிதானே. ஒரு விதி எழுது.”

எழுதினேன். ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, அலுவலகத்தில் நாடுகளுக்கு எழுதுவதைப் போலவே எழுதினேன். பொதுவில் எடுக்க விரும்புகிறவர் முதலில் கடந்த ஆறு மாதச் செலவு விபரத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவது, இந்த நிலைமைக்குக் காரணமான தவறுகள் என்ன, அவற்றை எப்படித் திருத்தப் போகிறார் என்று எழுத வேண்டும். மூன்றாவது, கேட்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அந்த இடைவெளியில் தானாகச் சமாளிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு. நான்காவது, இந்த விதிகளில் எதை மாற்றுவதென்றாலும் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும். இந்த நான்காவது எனக்கு மிகப் பெருமை. இனிச் சின்னண்ணை யாரையாவது தாஜா பண்ணி விதியைத் தளர்த்த முடியாது என்று நினைத்தேன். படிவம் ஒன்றும் செய்து, அச்சடித்து, மூன்று பேருக்கும் தபாலில் அனுப்பினேன். தபாலில். அவ்வளவு கெப்பர், அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

பெரியண்ணை தொலைபேசியில், “வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை” என்றார்.

பலெர்மோவில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, வெள்ளிக்கிழமைகளில் முருங்கைக்காய். அங்குள்ள எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் இத்தாலியர் வீடுகளில் சமைத்தும் துடைத்தும் வயதானவர்களைப் பார்த்தும் வாழ்கிறவர்கள். பெருந்தொற்று வந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில், இனி வர வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குச் சம்பளம் நின்றது, கடைக்கு வியாபாரம் நின்றது.

அந்த வசந்தத்தில் ஒரு பின்னேரம் பெரியண்ணை தொலைபேசி எடுத்தார். வெய்யில் பற்றிக் கதைத்தார், என் இருமலைப் பற்றிக் கேட்டார். வைக்கப் போகும்போது, “பொதுவில கொஞ்சம் எடுக்க ஏலுமோ?” என்றார்.

“ஓம் அண்ணை, ஏன் ஏலாது. அந்தப் படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்புங்கோ.”

“சரி பிள்ளை. பாக்கிறன்.”

எங்கள் குடும்பங்களில் தலைப்பிள்ளை கேட்பது குறைவு. கேட்டால் ஒருமுறைதான் கேட்பார். கொடுப்பது அவர் வேலை, வாங்குவது எங்கள் வேலை என்று பிறந்த நாளிலிருந்து பழகிவிட்டோம். என்னை லண்டனுக்கு எடுப்பித்தவரே அவர்தான். ஒரு வைத்தியர் வீட்டில் நிலம் துடைத்து, அந்தச் சம்பளத்தில் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். படிவம் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் தன் கடைக்குட்டித் தங்கச்சியிடம் ஒருமுறை வாய்திறந்து கேட்டார், நான் கடதாசி கேட்டேன். இரண்டாவது தரம் அவர் கேட்காததை, சமாளித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். கேட்காவிட்டால் தேவையில்லை என்று வெள்ளைக்காரன் நினைக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் எப்படி நினைத்தேன்?

முழுதாகச் சும்மா இருக்கவும் இல்லை. அக்காவுக்கு எடுத்து, இந்த ஒருமுறை விதிகளை ஒத்தி வைப்போமா என்று கேட்டேன். “விதி எண்டால் விதி. சின்னண்ணைக்கு ஒண்டு, பெரியண்ணைக்கு ஒண்டோ?” என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அது நியாயமாகத்தான் பட்டது.

வெட்கக்கேடு என்னவென்றால், அதே மாதத்தில் ஐரோப்பா தன் விதிகளை ஒத்தி வைத்தது. பற்றாக்குறை மூன்று வீதத்தைத் தாண்டக்கூடாது என்று காலங்காலமாகக் கத்தியவர்கள், இது அதற்கான நேரமல்ல என்று சொல்லிவிட்டார்கள். அது சரியான முடிவு, இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். வீட்டிலிருந்து வேலை செய்த நாட்கள் அவை. சமையலறை மேசையில் வைத்துத்தான் எழுதினேன். ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி என்பது என்னைப் பார்த்துச் சொன்ன பழமொழி.

அந்த மாரிகாலத்துக்கு முன் கடை போய்விட்டது. “கால் நோ பிள்ளை, நிண்டு வியாபாரம் செய்ய ஏலாது. விட்டிட்டன்” என்றார் பெரியண்ணை. நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

உண்மை எனக்கு ஒரு வருடம் கழித்து அண்ணி வாயால் வந்தது. பெரியண்ணை திரும்பவும் வீடு துடைக்கப் போகிறார் என்று தற்செயலாகச் சொல்லிவிட்டா. கால் நோவோடு எப்படி என்று நான் கேட்க, அவ சொன்னா:

“காலில ஒண்டும் இல்லை மச்சாள். உம்மட படிவத்தை எடுத்து வைச்சு நிரப்பினவர். செலவெல்லாம் எழுதிப்போட்டார். தவறுகள் எண்டு ஒரு இடம் இருக்கெல்லோ, அதில பேனையை வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தவர். பேந்து எழும்பிப் போய் விலைப்பலகையைத் துடைக்கத் தொடங்கிட்டார்.”

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்று வந்தது. அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போக நோர்தேர்ன் லைனில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அண்ணையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கால் நோ என்றுதான் சொல்வார்.

போன வருடம் அக்காவின் முறை வந்தது. அத்தான் இருபது வருடம் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டுக் கடனுக்கு வங்கி மாத முடிவுவரை தவணை கொடுத்தது. அக்கா எனக்குத் தனியாக எடுத்தாள். விதி எண்டால் விதி என்ற அதே குரல்தான், ஆனால் அரைவாசியாகக் குறைந்திருந்தது.

“மூண்டு மாதம் பொறுக்க ஏலாதடி. அதுக்குள்ள வீடு போயிடும். வேற வழி இல்லையோ?”

“விதியை மாத்தினால் இருக்கு.”

“பெரியண்ணை ஓம் சொல்லுவாரோ?”

அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணி அவளுக்கும் சொல்லியிருக்கிறா. அக்கா அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அப்போதுதான். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது, இரண்டும் ஒன்றாக. தானாடாவிட்டாலும் தசை ஆடுமே.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் மதுரைப் பக்கத்துக்காரர், கணக்கில் புலி. மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமா, நீங்க வீட்லயே ஒரு யூரோவ வெச்சிருக்கீங்க” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன். அடி வாங்கினவர்கிட்டப் போயி, இனிமே யாரையும் அடிக்க மாட்டோம்னு கையெழுத்துக் கேக்குறீங்க. அவருக்கு என்ன தருவீங்க?”

மன்னிப்புக் கேட்பேன் என்றேன். “கேளுங்க” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் தொலைபேசித் திரையில் கூடினோம். சின்னண்ணை எங்கோ காருக்குள் இருந்தார். அக்கா படத்தை நிறுத்தி, குரலை மட்டும் வைத்திருந்தாள். பெரியண்ணை சவரம் செய்து, சட்டை போட்டு, நேராக உட்கார்ந்திருந்தார். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, “அண்ணை, நீங்கள் கேட்ட அண்டைக்கு நான் கடதாசி கேட்டது பெரிய பிழை” என்று மட்டும் சொன்னேன். அவர் கையை அசைத்து, “அதை விடு” என்றார். பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். செலவு விபரம் வேண்டாம், தவறுகள் எழுத வேண்டாம், மூன்று மாதமும் வேண்டாம். கேட்டால் கொடுப்பது. இனி விதியை மாற்றவும் மூன்று பேர் போதும்.

“நல்ல விஷயம். எனக்குச் சம்மதம்” என்றார் சின்னண்ணை. “கார் ஒண்டும் வாங்க மாட்டன், பயப்பிடாதேங்கோ.”

பெரியண்ணை அத்தானின் வேலையைப் பற்றிக் கேட்டார், வங்கி என்ன சொல்கிறது என்று கேட்டார், எவ்வளவு தேவை என்று கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் சின்னப் பிள்ளைபோலப் பதில் சொன்னாள்.

“சரி. அந்தக் காசை நான் அனுப்புறன்” என்றார் அவர். “கடைச் சாமான் வித்தது கொஞ்சம் வங்கியில கிடக்கு. நாளைக்கே போடுறன். ஆனா விதியை மாத்த வேண்டாம். நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன்.”

“ஏன் அண்ணை?” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. “எங்களில உள்ள கோபமோ? அப்பிடி எண்டால் நேர சொல்லுங்கோ.”

“கோபம் இல்லை பிள்ளை.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கடையைப் பூட்டின அண்டைக்குப் பிள்ளையள் ரெண்டும் கேட்டதுகள், மாமியிட்டை அவ்வளவு பொதுக்காசு இருக்கு, ஏன் தரேல்லை எண்டு. நான் சொன்னனான், அது விதி, எல்லாருக்கும் ஒண்டுதான், நான் நேரத்துக்குக் கடதாசி குடுக்கேல்லை, பிழை என்னில, மாமிமார் சரியாத்தான் நடந்தவை எண்டு. இப்ப பெரிய மாமிக்கு விதி இல்லை எண்டால், அதுகளுக்கு நான் என்ன சொல்லுறது?”

சின்னண்ணையின் காருக்கு வெளியே யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

“உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை” என்றேன். “சின்ன மாமி பிழை விட்டிட்டா எண்டு சொல்லுங்கோ.”

“கடை போனது போகட்டும்” என்றார். “அதுகளுக்கு மாமிமார் இருக்கட்டும்.”

திங்கட்கிழமை காசு டோர்ட்முண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவின் வீடு தப்பியது. வீடு துடைக்கிற மனிதரின் கையிருப்பில் தப்பியது. பொதுவில் அதைவிடப் பல மடங்கு காசு, என் பெயரில், ஒருவருக்கும் உதவாமல் கிடந்தது.

இந்த மாசி மாதம் பெரியண்ணையின் மூத்தவள் வேலை நேர்முகம் ஒன்றுக்கு லண்டன் வந்தாள். இருபத்துநாலு வயது. மூன்று நாள் என்னோடு தங்கினாள். இரண்டாம் நாள் காலை இடியப்பம் பிழிந்து கொடுத்துவிட்டு, இதுதான் நேரம் என்று முன்னால் உட்கார்ந்தேன். அண்ணை சொல்ல மாட்டார், நானே சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தேன். பிள்ளைகளுக்கு உண்மை தெரிந்துவிட்டால் அண்ணை ஓம் என்று சொல்வதற்குத் தடை இல்லை என்ற கணக்கும் மனதில் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கடை போனது அப்பாவின் பிழை அல்ல, அந்தப் படிவம் என் பிழை, கேட்டவுடனே கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் சொதியை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள்.

“அது எங்களுக்கு அப்பவே தெரியும் மாமி. அந்தப் ஃபோர்ம் கடை மேசையில கிடந்தது. நான் வாசிச்சனான். தம்பிக்கும் சொன்னனான்.”

“அப்ப ஏன் அப்பாட்டை ஒண்டும் கேக்கேல்லை?”

“உங்களை நல்லவா எண்டு எங்களுக்கு விளங்கப்படுத்த அவர் எவ்வளவு பாடுபட்டவர் தெரியுமோ? ஒரு பின்னேரம் முழுக்க இருந்து சொன்னவர். நாங்கள் நம்பிட்டம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். அதை மட்டும் குழப்பிப்போடாதேங்கோ. விதியை மாத்தப் போறன் எண்டு இனி அவரிட்டைப் போகாதேங்கோ.”

சரி என்று தலையாட்டினேன். அவள் சாப்பிட்டாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியே அண்ணையின் விரல்கள். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் என்னால் அது முடியவில்லை.

“உனக்கு என்னில கோபம் இல்லையோ பிள்ளை?”

“இருக்கு மாமி” என்றாள் அவள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து. “அப்பா இருக்கிற மட்டும் காட்ட மாட்டன்.”